டிவி வாங்கும் முன் சுவரைப் பார், தங்கச்சி

தீபாவளித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் நம்ம மும்பையில் சயான், தாராவி, செம்பூர்ப் பக்கம் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "எத்தனை இஞ்ச்?" தங்கச்சி, நீ அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். டிவி எந்தச் சுவரில் மாட்டப் போகிறோம், அந்தச் சுவர் எதால் கட்டியது, பக்கத்துப் பிளக் பாயிண்டில் எர்த் வேலை செய்கிறதா, இவற்றை முதலில் பார்த்து முடி. நான் பார்த்த வரையில் தட்டை டிவி விழுந்து உடைந்த வீடுகளிலும், தொட்டால் சுர்ரென்று இழுத்த வீடுகளிலும், மழைக்காலத்தில் கருகிப்போன வீடுகளிலும் பெட்டி நல்ல பெட்டியாகத்தான் இருந்தது. வைத்த இடம்தான் சரியில்லை.

நம்ம பக்கத்தில் சுவர் எல்லா வகையிலும் உண்டு. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் கனத்த செங்கல் சுவர். அங்கே கவலையே வேண்டாம். எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வு) கட்டடங்களிலும் புது டவர்களிலும் எடை குறைந்த சிப்போரெக்ஸ் கல் நிறைய. தாராவிச் சந்துகளில் நாலரை இஞ்ச் அரைச்செங்கல் சுவர், பிளைவுட் தடுப்பு, மேல்மாடி அறையில் தகரம். டெக்னீஷியன் டிரில் போடும்போது நீ பக்கத்திலேயே நின்று விழுகிற தூளைப் பார். முதலில் கொஞ்சம் சாம்பல் தூள் விழும். அது வெறும் பூச்சு. பிறகு செங்கல் சிவப்பில் தூள் வந்தால் நல்ல சுவர். வெள்ளையாக, அரிசி மாவு மாதிரி லேசாக உதிர்ந்தால் சிப்போரெக்ஸ். டிரில் சட்டென்று உள்ளே வழுக்கிக்கொண்டு போனால் நடுவில் பொந்து இருக்கிற கல். தூள் ஈரமாகக் கட்டி கட்டியாக வந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. அந்த ஓட்டையோடு நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு சுவரைத் தேடு.

செங்கல் சுவருக்கு பிராக்கெட்டோடு வருகிற பிளாஸ்டிக் ராவல் பிளக்கும் ஸ்குரூவும் போதும். ஆனால் பிடிப்பு பூச்சில் இருக்கக் கூடாது. பூச்சைத் தாண்டி, செங்கலுக்குள் இரண்டு இஞ்சாவது போக வேண்டும். செங்கலும் செங்கலும் சேருகிற சாந்து இடுக்கில் ஓட்டை விழுந்தால் நாளடைவில் தளர்ந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் போடச் சொல். சிப்போரெக்ஸுக்கென்று தனி ஆங்கர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், கேட்டு வாங்கி முன்கூட்டியே வைத்துக்கொள். டெக்னீஷியன் பையில் பெரும்பாலும் சாதாரண பிளக்தான் இருக்கும். பொந்துக் கல்லில் ராவல் பிளக் நிற்கவே நிற்காது. ஓட்டைக்குள் போய் விரிகிற டாகில் போல்ட்டோ கெமிக்கல் ஆங்கரோ வேண்டும்.

பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கிற அரைச்செங்கல் சுவரில் மூன்று இஞ்சுக்கு மேல் டிரில் போக விடாதே. போனால் அந்தப் பக்கத்துப் பூச்சு பெயர்ந்து அவர்கள் சாமி படத்தின் மேல் விழும். வேலை ஆரம்பிக்கும் முன் பக்கத்து வீட்டு அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அந்தப் பக்கம் அதே இடத்தில் வயரோ அலமாரியோ இருக்கிறதா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

பிளைவுட் தடுப்பில் நேராக மாட்டுவது ஆபத்து. கெட்டியான 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை இரண்டு மரச் சட்டங்களுக்குக் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் பிராக்கெட்டை வை. தகரச் சுவர் என்றால் மாட்டும் யோசனையையே விட்டுவிடு. தகரம் வெயிலில் கொதிக்கும், மழையில் வியர்க்கும், கரண்டும் பாயும். மேஜை மேல் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும்.

ஓட்டை எந்த இடத்தில் கூடாது என்பதையும் மனதில் வை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவருக்குள் வயர் குழாய் ஓடும். அந்தக் கோட்டிலிருந்து ஓர் அடியாவது விலகு. பின்னால் குளியலறையோ சமையல் தொட்டியோ இருந்தால் தண்ணீர்க் குழாய் எங்கே ஏறுகிறது என்று பார். அதைவிட முக்கியமாக நம்ம ஊருக்கென்று ஒன்று இருக்கிறது. மும்பை மழை அரபிக்கடல் காற்றோடு மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்குப் பார்த்த வெளிச்சுவர் நனைந்தபடியே இருக்கும், உள்பக்கம் பெயின்ட் உப்பும். அந்தச் சுவரில் டிவி வேண்டாம். வீட்டு நடுச்சுவர் எப்போதுமே நல்லது. எந்தச் சுவரானாலும் பின்னால் இரண்டு இஞ்ச் இடைவெளி இருக்கட்டும். சூடு போகவும் வேண்டும், கசிவு வந்தால் நம் கண்ணில் படவும் வேண்டும்.

இனி உயரம். நம்ம வீடுகளில் டிவி கதவு நிலைக்கு மேலே, பரணை ஒட்டி ஏறிவிடுகிறது. கீழே இடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பாயில் உட்கார்ந்து அண்ணாந்து சீரியல் பார்க்கிற அம்மாவின் கழுத்தை நினைத்துப் பார். தரையில் உட்காருகிறவரின் கண் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடியில் இருக்கும், கட்டிலிலோ நாற்காலியிலோ உட்காருகிறவருக்கு மூன்றரை அடி போல. திரையின் நடு அந்தக் கண்மட்டத்துக்கு வருவதுதான் சுகம். 43 இஞ்ச் திரை சுமார் 21 இஞ்ச் உயரம், 37 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல் அகலம். பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, எல்லாரும் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டு முடிவெடு. எத்தனை இஞ்ச் என்ற கேள்விக்கும் அந்தக் காகிதமே பதில் சொல்லும். குறுக்களவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தூரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கு இதம். 43 இஞ்சுக்கு அது ஐந்தரை அடி, ஆறடி. பத்துக்குப் பத்து அறையில் கட்டில் போட்ட பிறகு மிஞ்சுகிற தூரமும் ஏறக்குறைய அதுதான். 55 இஞ்ச் ஆசைப்பட வேண்டாம்.

கண்மட்டத்தை மட்டும் பார்த்து மிகவும் தாழ்த்தியும் விடாதே. தரைத்தளத்தில் இருக்கிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். சயான், கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் எல்லாம் பள்ளமான பூமி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதைப் பெரியவர்கள் இன்னும் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அப்படி ஒரு நாள் அபூர்வம். ஆனால் முழங்கால் தண்ணீர் ஏறக்குறைய வருஷா வருஷம் வருகிறதே. உன் வீட்டில் தண்ணீர் ஏறிய அடையாளத்தை வைத்துக் கணக்குப் போடு. டிவியின் கீழ் விளிம்பு, பிளக் பாயிண்ட், செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். கீழ் விளிம்பை மூன்று, மூன்றரை அடியில் வைத்து, முன்னால் சாய்கிற டில்ட் பிராக்கெட் போட்டுக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டால் கழுத்துக்கும் பெரிய கஷ்டம் இருக்காது. தவழ்கிற குழந்தையின் கையும் எட்டாது.

பிராக்கெட் வாங்கும்போது டிவியின் பின்னால் இருக்கிற நான்கு ஸ்குரூ ஓட்டைகளுக்கு நடுவிலான தூரத்தை அளந்துகொண்டு போ. 100க்கு 100, 200க்கு 200, 400க்கு 400 மில்லிமீட்டர் என்று அளவுகள் இருக்கும். ஸ்குரூ கையால் சிரமமில்லாமல் சுற்றி உள்ளே போக வேண்டும். நீளம் அதிகமானால் உள்ளே போர்டைக் குத்தும், குறைந்தால் பிடிக்காது. பிராக்கெட் ஏறியதும் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல். டிவியை ஏற்றும் முன் பிராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே நன்றாக அழுத்தி இழு. இம்மி அசைந்தாலும் டிவி ஏறக் கூடாது.

மேஜையில் வைப்பதானால் ஸ்டாண்டின் இரண்டு காலும் மேஜைக்குள் முழுசாக உட்கார வேண்டும். பின்னால் பட்டை போட்டுச் சுவரோடு கட்டு. தவழ்கிற பிள்ளை, எழுந்து நிற்கப் பழகுகிற பிள்ளை எதைக் கண்டாலும் பிடித்து இழுக்கும். மெல்லிய டிவி முன்பக்கமாகத்தான் சாயும். அமெரிக்காவில் பிள்ளைகள் மேல் டிவியும் அலமாரியும் விழுந்து உயிர் போனதால், சுவரோடு கட்டச் சொல்லி 2015 முதல் அரசே பிரசாரம் செய்கிறது. நம்ம சின்ன அறைகளில் பிள்ளை படுப்பதே டிவிக்குக் கீழேதான். ரிமோட்டையும் பொம்மையையும் டிவி மேஜை மேல் வைக்காதே. அதை எடுக்கத்தான் பிள்ளை ஏறும்.

கரண்ட் விஷயம்

தாராவிக்கும் சயானுக்கும் பெஸ்ட் கரண்ட், செம்பூர் போனால் வேறு கம்பெனி. எதுவானாலும் 230 வோல்ட்தான். புது டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார். 100-240 வோல்ட் என்று இருந்தால் ஏற்ற இறக்கத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். தனி ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னால் யோசித்துச் செய். ஸ்பைக் பஸ்டர் மட்டும் வாங்கு, ஐஎஸ்ஐ முத்திரையோடு. அதன் பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டி, மாற்றிவிடு.

மூன்று முள் பிளக்கோடு வந்த டிவியின் எர்த் முள்ளை வெட்டி இரண்டு முள்ளாக்குகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து செய்யாதே. பெட்டியில் கசிகிற கரண்ட் தரைக்குப் போக இருக்கிற ஒரே வழி அந்த முள்தான். அதை வெட்டினால் அது உன் உடம்பு வழியாகப் போகும். இரண்டு முள்ளோடு வருகிற டிவியின் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் இருக்கும். அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று வயர்மேனை அழைத்து ஒருமுறை பார்த்துவிடு. மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்) இல்லையென்றால் டிவி பட்ஜெட்டில் கொஞ்சம் ஒதுக்கி அதைப் போடு. 43 இஞ்சுக்குப் பதில் 32 இஞ்ச் வாங்கியாவது இதைச் செய் என்று நான் சொல்வேன். ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கினால் படக்கென்று விழ வேண்டும்.

டிவி இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான். 43 இஞ்ச் 80, 90 வாட் என்றால், தினம் ஐந்து மணி நேரம் பார்த்தாலும் மாதம் 13 யூனிட் போல வரும். ஆபத்து, அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மற்றவற்றையும் சேர்த்துச் செருகுவதில் இருக்கிறது. 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது சுமார் 1,380 வாட். 1,000 வாட் அயர்ன் பாக்ஸும் 750 வாட் மிக்சியும் ஒன்றாக ஓடினாலே அது தாண்டிவிடும். டிவி பாயிண்ட் டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் மட்டும். பிளக்கைத் தொட்டால் சூடாக இருந்தாலோ, ஆட்டினால் பொறி பறந்தாலோ சாக்கெட்டை உடனே மாற்று.

மும்பையில் கரண்ட் அதிகம் போகாது என்பதால் நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். 2020 அக்டோபர் 12 காலை நகரமே இருண்டு, லோக்கல் ரயில் நின்றது ஞாபகம் இருக்கும். கரண்ட் போனதும் டிவி சுவிட்சை அணை. திரும்ப வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடு. வரும்போதுதான் துள்ளி வரும். இடியோ, ஜூன் தொடக்கத்திலும் மழை விடைபெறுகிற செப்டம்பர் கடைசி, அக்டோபரிலும்தான் மும்பையில் கடுமையாக இருக்கும். மொட்டை மாடியில் டிஷ் வைத்திருந்தால் இடி நெருங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடு. பிளக்கை மட்டும் கழற்றினால் மின்னல் கேபிள் வழியாக வந்து எச்டிஎம்ஐ முனையையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால் முதல் வேலை மெயினை அணைப்பது. கால் நனையாத இடத்தில் நின்றால் மட்டும் அணை. போர்டுக்குக் கீழே தண்ணீர் நின்றுவிட்டால் தொடாதே, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு பெஸ்ட் பில்லில் இருக்கும் புகார் எண்ணுக்குப் போன் செய். நனைந்த டிவியை வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதே. சயான் தண்ணீர் சாக்கடைத் தண்ணீர். காய்ந்தாலும் உப்பும் சேறும் போர்டில் தங்கி ஷார்ட் ஆகும். மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பிளக்.

கடையில், வழியில்

கிராண்ட் ரோடு லாமிங்டன் ரோட்டில் மலிவாக அசெம்பிள் செட்டுகள் கிடைக்கும். விலையைக் கேட்கும் முன் பின்பக்க லேபிளைப் பார். தட்டை டிவிக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர் வரும். வராவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஜிஎஸ்டி பில் இல்லாமலும் வாங்காதே. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, பழைய வரியைச் சொன்னால் கேள்வி கேள். தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

அங்கிருந்து கொண்டுவர ஆட்டோ கிடையாது. ஆட்டோவுக்கு சயானும் மாஹிமும்தான் எல்லை. கடை டெலிவரியோ சின்ன டெம்போவோ பேசிக்கொள். பெட்டி நிமிர்ந்தே வர வேண்டும். படுக்கப் போட்டு மேலே மூட்டை ஏற்றினால் கண்ணாடி உள்ளுக்குள் விரிசல் விடும், அதற்கு வாரண்டி கிடையாது. இரண்டு பேர் இரண்டு ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், திரையில் விரல் அழுத்த வேண்டாம். டெலிவரி ஆள் போகும் முன் பெட்டியில் கிழிசலும் நசுங்கலும் இருக்கிறதா என்று பார்த்து, பிரிப்பதை வீடியோ எடு. கம்பெனி ஆள்தான் பிரிக்க வேண்டுமா என்பதை முன்பே கேட்டு வை. போட்டதும் யூடியூபில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீல நிறங்கள் மட்டும் முழுத் திரையில் வருகிற வீடியோவை ஓட்டு; புள்ளியோ கோடோ இருந்தால் அப்போதே தெரியும். காலி அட்டைப் பெட்டியை ஒரு மாதமாவது பரணில் வைத்திரு.

ஓடத் தொடங்கிய பிறகு

முதல் தடவை போடும்போது ஹோம் மோடா, ஸ்டோர் மோடா என்று கேட்கும். ஹோம் என்று கொடு. படத்தில் விவிட், டைனமிக் எல்லாம் கடை விளக்குக்காக வைத்தது. ஸ்டாண்டர்டோ மூவியோ வைத்து, பேக்லைட்டைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்து. கண்ணுக்கும் இதம், உள்ளே இருக்கிற எல்இடி பட்டியும் நீடிக்கும். படம் பாதியில் இருட்டி, குரல் மட்டும் வருகிற டிவிகளில் பெரும்பாலும் போவது அந்தப் பட்டிதான். பழைய தமிழ்ப் படங்களில் முகம் அகன்று தெரிந்தால் திரை அளவை 4:3க்கு மாற்று. எம்ஜிஆரையும் சாவித்திரியையும் இழுத்துப் பார்ப்பது எனக்குப் பொறுக்காது.

ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுப் பார்க்காதே, டிவிக்குப் பின்னாலோ பக்கத்திலோ ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது. ஒரே அறையில் பெரியவர்கள் சீரியல் பார்க்கும்போது இது கஷ்டம்தான். சோறு ஊட்டுகிற நேரத்திலாவது அணைத்து வை. ஸ்மார்ட் டிவியில் பிள்ளைக்குத் தனிப் புரொஃபைலும் பணம் கட்டி வாங்குவதற்கு ரகசிய எண்ணும் போட்டுவிடு. இலவசமாகப் புதுப் படம் காட்டும் என்று யாராவது பென்டிரைவில் தருகிற செயலியை ஏற்றாதே.

டிவிக்கு மேலேயோ பக்கத்திலோ சாமி அலமாரி வைக்க வேண்டாம். விளக்குத் திரியின் கரியும், ஊதுபத்திப் புகையும், கற்பூரமும் திரையில் படிந்து ஒட்டும், காற்றுத் துளை வழியாக உள்ளேயும் போகும். அடுப்பும் அதே அறையில் என்றால் தாளிக்கிற எண்ணெய்ப் புகைக்கும் இதே கதை. துடைக்கும்போது அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடை. பிசுக்குப் போகவில்லையென்றால் துணியை மட்டும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடை. திரையில் நேராக எதையும் தெளிக்காதே. வழிந்து கீழ் விளிம்பில் இறங்கினால் கோடு விழும். ஜன்னல் கண்ணாடிக்குப் போடுகிற நீலத் திரவமும் ஸ்பிரிட்டும் திரையின் பூச்சை எடுத்துவிடும். பழைய பனியன் துணி கீறலாம்.

பழைய குண்டு டிவியைப் பழைய சாமான் வாங்கும் பங்கார்காரருக்குத் தூக்கிக் கொடுக்காதே என்று கடைசியாகக் கேட்டுக்கொள்கிறேன். அது போய்ச் சேருவது பெரும்பாலும் நம்ம தாராவி 13ஆம் காம்பவுண்டு மாதிரி கழிவு பிரிக்கிற இடங்களுக்குத்தான். அங்கே உடைப்பது கையுறை இல்லாத கைகள். அந்தக் குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, தட்டும் விதம் தவறினால் வெடித்துச் சிதறும். எல்இடிக்கு முந்திய எல்சிடி டிவியின் விளக்குக் குழலில் பாதரசம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பழையதை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது டிவி தயாரிக்கும் கம்பெனியின் பொறுப்பு. புது டிவி வாங்கும்போதே எக்ஸ்சேஞ்சில் கொடு, அல்லது கம்பெனியின் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல். எடுத்துப்போகிறவரிடம் ரசீது கேட்டு வாங்கு.